ஓட்டுநரின் கண்

கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த விண்வெளி உடுப்புக்கு நெட்டை வணக்கம் வைத்தான். பதில் வரவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், காலையிலேயே கோபமா?" என்று அதனிடமே கேட்டான்.

பின்னாலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த விண்கப்பலின் காற்று மெக்கானிக். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் படுக்கையை விட்டு வெளியே வந்திருந்தாள், அதுவும் கழிப்பறைக்கு. வந்த காரியத்தை மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், யாருகிட்டடா பேசுற?"

நெட்டை திரும்பினான். அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்தான். "அட, புகைபோக்கியா? அப்ப இது யாரு, கேப்டன் இல்லையா?"

"கேப்டனுக்குத் தலை இருக்கும்டா. இதுக்குத் தலையைக் கழட்டி அலமாரியில வச்சிருக்கு."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

புகைபோக்கி என்பது அவன் வைத்த பெயர். காற்றுக் குழாய்களோடு வேலை, எந்நேரமும் உள்ளே எதையாவது நினைத்துப் புகைந்துகொண்டிருப்பாள் என்பதால். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கினால் யார் முன்னாலும் குனிய வேண்டாம் என்று சொல்லி, ஊரான் வீட்டுக் கழிப்பறைகளைக் கழுவிப் படிக்கவைத்தாள் அம்மா. கப்பலில் காற்றுக் குழாய்கள் அத்தனையும் முழங்கால் உயரத்தில்தான் ஓடுகின்றன. நாள் பூராவும் குனிந்தபடிதான் வேலை.

கப்பலுக்கு மூச்சுக் காற்று தயாரிக்கும் காற்று ஆலைக்குள் அவனை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை விரல் காட்டுறேன், சொல்லு."

"எந்தக் கையில?"

"ஒரு கைதான்டா காட்டுறேன்!"

"அப்ப அந்த இன்னொண்ணு யாரோடது?"

அவள் கையை இறக்கினாள். "எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா. பனி இறங்கின மாதிரி இருக்குடி. கிட்ட வந்தா தெரியுது. தள்ளிப்போனா ஆளும் ஒண்ணுதான் தூணும் ஒண்ணுதான்."

"நீ கப்பல் ஓட்டுறவன்டா!"

"அதான் யாருகிட்டயும் சொல்லல."

சொல்லக்கூடாதுதான். அந்தக் கப்பலில் ஐந்தே பேர். கேப்டன், டாக்டர், சமையல் அக்கா, ஓட்டுநரான நெட்டை, அவள். காற்று ஆலையில் ஒரு பாதி எரிந்துபோனதிலிருந்து ஐந்து பேருக்குக் காற்றுப் போதவில்லை. ஒருவர் உறைபெட்டிக்குள் போக வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அடுத்த உடல் பரிசோதனையில் யார் வேலைக்கு லாயக்கில்லையோ அவர் போக வேண்டும். பெட்டிக்குள் போனால் இறங்கும் இடம் வரும்வரை பனிக்கட்டியாகக் கிடக்க வேண்டும். இதுவரை போனவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று கம்பெனி சொல்லும். எழுந்தவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் பெயர் நினைவிருந்ததா என்று கேட்டால் கம்பெனி பேச்சை மாற்றும். நெட்டைக்கு வீட்டில் ஒரு மகள் இருந்தாள். அப்போதுதான் பல் விழ ஆரம்பித்திருந்த வயசு.

ஆலை எரிந்ததும் அவள் பார்க்க வேண்டிய நேரத்தில்தான். அம்மா செத்துப்போன தகவல் அந்த வாரம் வந்தது. அது கப்பலை எட்டிப்பிடிப்பதற்குள் அங்கே அடக்கமெல்லாம் முடிந்து, குடியிருந்த அறைக்கு வேறு ஆளும் வந்திருப்பார்கள். தகவலுக்குக் கீழே, 'இது தானாக அனுப்பப்படும் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்' என்று இருந்தது. அவளும் அனுப்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவள் வேலையையும் சேர்த்து நெட்டைதான் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது கப்பல் ஓட்ட. ஆலையில் ஒரு பாதி கருகியது.

பெட்டிக்குப் போவது யார் என்பதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. படுத்தே கிடக்கிறவளுக்குப் படுக்கை மாறினால் என்ன. ஆனால் நெட்டை என்றதும் அவளுக்குள் நின்றுபோயிருந்த ஏதோ ஒன்று உதைத்துக்கொண்டு கிளம்பியது.

"நீ என் இணை. சட்டப்படி நான் போய்ச் சொல்லணும்" என்றாள்.

கப்பலில் ஒவ்வொருவருக்கும் ஒரு இணை உண்டு. இணைக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவர் போய் அறிவிக்க வேண்டும். சட்டத்தில் அதற்குக் கடமை என்று பெயர். அவள் வளர்ந்த தெருவில் காட்டிக்கொடுப்பது என்பார்கள்.

"சொல்லு, போ" என்றான் நெட்டை.

"நான் கிடந்தப்போ நீ போய்ச் சொன்னியா?"

"எனக்கு எங்க நேரம்? உன் ஆலையைக் கொளுத்தவே சரியா இருந்துச்சு."

"வாயை மூடு. இனிமே நான்தான் உன் கண்ணு. நான் சொல்றபடி செய்."

"முதல்ல எதையாவது சாப்பிட்டுட்டு வா. நீ பேசினா வாடை வருது. மூக்கு நல்லாத்தான் இருக்கு எனக்கு."

அன்று மதியம் ஓட்டுநர் நாற்காலிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நடுவழியில் கப்பல் தானாகத்தான் போகும். மீட்டர் முட்கள் பச்சைக் கோட்டில் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் ஓட்டுநரின் வேலை. அவள் பார்த்துக் கிசுகிசுப்பாள், அவன் உரக்கச் சொல்வான்.

"பச்சை" என்று கிசுகிசுத்தாள்.

"பச்சை!" என்று முழங்கினான்.

"பச்சை. அடுத்ததும் பச்சை. ஐயோ, கேப்டன்."

"ஐயோ கேப்டன்!"

கேப்டன் வாசலில் நின்றிருந்தார். "என்ன ஐயோ? நீ எங்க இங்க? எழுந்துட்டியா?"

"காத்துல நாத்தம் வருது சார். அதான் பார்க்க வந்தேன்."

கேப்டன் மூக்கை உறிஞ்சினார். அதிகாரிகளிடம் ஒரு குணம் உண்டு. நாறுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தங்கள் மூக்கு மட்டும் மழுங்கிவிட்டதோ என்று உள்ளூரப் பயம். "ஆமா. எனக்கும் ரொம்ப நாளா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. தரையைத் திறந்து பாரு."

இல்லாத நாற்றத்தைத் தேடி அவள் தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வேலை முடிந்து நெட்டை நாற்காலியை விட்டு எழுந்தான். "பார்த்து" என்று அவள் சொல்வதற்குள் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டான்.

"தரையை யாரோ எடுத்துட்டாங்க!" என்றான் பள்ளத்துக்குள்ளிருந்து.

கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியது. நேர் எதிரே திறந்து கிடந்த பள்ளத்தில் எப்படி விழுந்தான் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? டாக்டர் கட்டுப் போடும்போது அவள் முந்திக்கொண்டாள். "சமையலறையில எண்ணெய் கொட்டிக் கிடந்துச்சு டாக்டர். வழுக்கிட்டான்."

இந்தச் சேதி சமையல் அக்காவின் காதுக்குப் போனது. அக்கா கரண்டியோடு வந்து காற்று ஆலையின் வாசலை மறித்துக்கொண்டாள்.

"என் தரையிலயா எண்ணெய்? என் தரையில முகம் பார்க்கலாம்டி! கேப்டன் என்னைக் கூப்பிட்டு வச்சுத் திட்டுறாரு. ஒரு ஆளோட காலை உடைச்சிட்டியேங்கிறாரு. இந்தக் கப்பல்ல ஒழுங்கா நடக்கிற ஒரே இடம் என் அடுப்படிதான். அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

"ஒரு சொட்டு கிடந்திருக்கும்க்கா..."

"ஒரு சொட்டா? சரி. இனிமே ஒருத்தரும் ஷூவோட உள்ள வரக்கூடாது. கேப்டனா இருந்தாலும் சரி, அவரைப் பெத்தவரா இருந்தாலும் சரி. வெளிய கழட்டிட்டு வாங்க. அப்புறம் பார்க்கிறேன் யாரு வழுக்கி விழுறாங்கன்னு."

அக்காவின் உத்தரவு கேப்டனின் உத்தரவை விடக் கெட்டியானது. மறுநாள் சாப்பாட்டு அறையின் வாசலில் ஐந்து ஜோடி ஷூ வரிசையாக நின்றன. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நெட்டை எழுந்து வெளியே போய்விட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் தட்டை முழுசாக வழித்துச் சாப்பிட்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவனைக் கவனிக்கத் தவறிவிட்டாள்.

வெளியே வந்த கேப்டனுக்கு மிஞ்சியிருந்தது நெட்டையின் ஷூ. ஒவ்வொன்றும் ஒரு தொட்டில் அகலம். அதைப் போட்டுக்கொண்டு டப்பு டப்பென்று நடைவழி முழுக்க நடந்து ஓட்டுநர் அறைக்குள் வந்தார். அங்கே அவருடைய ஷூவின் குதிகாலை மிதித்து நசுக்கிப் பாதிக் காலை உள்ளே திணித்துக்கொண்டு நெட்டை உட்கார்ந்திருந்தான்.

"இது யாரோட ஷூ?"

"என்னோடதுதான் சார். காலு வீங்கினதால கொஞ்சம் பிடிக்குது."

"தங்கக் கோடு போட்டிருக்கு. பக்கத்துல என் பேரு போட்டிருக்கு. இது உன் கண்ணுக்குத் தெரியலயா?"

கண்ணுக்கு என்ற சொல் வாசல் வரை வந்திருந்த அவள் காதில் விழுந்தது. ஓடிவந்து நடுவில் நின்றாள். "நான்தான் சார் மாத்தி வச்சேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு."

கேப்டன் அவளை வெகுநேரம் பார்த்தார். நெட்டையின் ஷூவில் நின்றபடி ஒரு மனிதரால் எவ்வளவு கண்டிப்பாக இருக்க முடியுமோ அவ்வளவு கண்டிப்பாக நின்றார். "காத்து இல்லாம ஒரு ஆளைப் பெட்டியில போடப்போறோம். உனக்கு விளையாட்டு கேக்குதா?"

கேப்டன் வாசல் பக்கம் திரும்பினார்.

"பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். நாளைக்கே வச்சிடலாம். முதல்ல எல்லாருக்கும் கண்ணைப் பார்க்கச் சொல்றேன்."

அவர் டப்பு டப்பென்று போய்விட்டார். நெட்டை நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "நல்லாக் காப்பாத்துறடி. இன்னும் ரெண்டு தடவை காப்பாத்தினா நேரா கப்பலுக்கு வெளியதான்."

"பேசாதே. யோசிக்க விடு."

யோசித்தாள். டாக்டர் அறைச் சுவரில் எழுத்து அட்டை ஒன்று தொங்குகிறது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடி எழுத்து. அதை மனப்பாடம் பண்ணிவிட்டால்? பாடப் புத்தகத்தை ஒரு வரி புரியாமல் மனப்பாடம் பண்ணித்தான் அவள் பாதிப் பட்டமே வாங்கினாள். அந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதென்று சொல்லி டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் அட்டையின் முன்னால் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே உரு ஏற்றினாள். ஆலையிலிருந்து நேராக வந்த கை. விரலெல்லாம் கிரீஸ். அது அவள் புத்திக்கு எட்டவில்லை.

மிச்ச நேரம் முழுக்க ஆலைக்குள் பாடம் நடந்தது. அவள் ஒரு கையால் வடிகட்டியைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ட, ப, ம. அப்புறம் க, ய, ல."

"அது மூணாவது வரிடா, மண்டு!"

"மூணாவது வரி ரெண்டாவது வரிக்கு என்ன குறைச்சல்? அதையும் கொஞ்சம் மேல வர விடேன். நீதானே சமத்துவம் பேசுறவ?"

"உன் மகள் இதைவிட நல்லாப் படிப்பா."

"அவ அம்மா மாதிரி." கீழே கிடந்த தகர டப்பாவை எடுத்துக்கொண்டே கேட்டான். "உங்க அம்மா உன்னை எப்படிப் படிக்க வச்சாங்க?"

அவள் கை நின்றது. தகவல் வந்ததிலிருந்து அம்மா என்ற வார்த்தையை யாரும் அவளிடம் பேசியிருக்கவில்லை. தடுக்கி விழுந்துவிடுவாளோ என்று எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

"பாட்டாப் பாடிப் பாடி. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சத்தமா வாசிப்பேன். அவங்க அதைக் கேட்டு ராகம் போட்டு, பாத்திரம் தேய்க்கிறப்போ பாடுவாங்க. நான் ஒரு வரியை விட்டா, இங்க ஒண்ணு குறையுதேம்பாங்க."

"அப்ப எனக்கும் ராகம் போட்டுக் கொடு."

போட்டாள். எழுத்து அட்டைக்கு ராகம் போட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். நெட்டை அதைத் தகர டப்பாவில் தாளம் தட்டிப் பாடியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சத்தத்தில் அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். நெட்டை தாளத்தை நிறுத்தாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூங்கப் போகும்போது ஒரு எழுத்து பிசகாமல் முழு அட்டையும் சொன்னான். ஆலையின் மிச்சப் பாதியும் இருமாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக அவள் அதையும் சரிசெய்திருந்தாள்.

மறுநாள் டாக்டர் அறை. கேப்டன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நொண்டிக்கொண்டு வந்த நெட்டையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

சுவரில் தொங்கியது வேறு அட்டை. புத்தம் புதுசு.

"பழசுல எவனோ கிரீஸ் கையை வச்சு ஒவ்வொரு எழுத்தா அப்பியிருக்கான். அதான் புதுசு எடுத்து மாட்டச் சொன்னேன்" என்றார் டாக்டர்.

அவள் இருமினாள். நெட்டை திரும்பவில்லை. இன்னும் பலமாக இருமினாள்.

"உனக்கும் நெஞ்சு சரியில்லையா?" என்றார் கேப்டன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் குச்சியை அட்டையில் வைக்கும் முன்பே நெட்டை தொண்டையைச் செருமினான். "ட, ப, ம" என்று ஆரம்பித்து, பழைய அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ராகத்தோடு பாடி முடித்தான். நடுவில் தொடையில் தாளம் வேறு.

டாக்டர் குச்சியை உச்சியில் இருந்த ஒற்றை எழுத்தில் வைத்தார். அது ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. "இது என்ன?"

"ட" என்றான் நெட்டை.

"அந்த எழுத்தே இந்த அட்டையில இல்லப்பா" என்றார் டாக்டர்.

அதற்குமேல் எல்லாம் சட்டப்படி நடந்தது. அவள் கேப்டனின் முன்னால் போய் நின்றாள். கத்தினாள். "சொல்ல வேண்டியது என் கடமை. நான்தான் மறைச்சேன். எண்ணெய்ன்னு பொய் சொன்னேன், ஷூன்னு பொய் சொன்னேன், அட்டையை நாசம் பண்ணினேன். போடுறதா இருந்தா என்னைப் போடுங்க. அவனுக்குப் பிள்ளை இருக்கு. எனக்கு யாரும் இல்லை."

"உன்னைப் போட்டா ஆலையை யாரு பார்க்கிறது?"

"கண்ணு தெரியாதவனைப் பெட்டியில போடுறது எந்த ஊரு நியாயம்? முடியாதவனை ஒதுக்கி வைக்கிறதுக்கு ஒரு சட்டம், அதுக்கு ஒரு கையெழுத்து, அதுக்கு ஒரு சம்பளம்!"

கேப்டன் கோபப்படவில்லை. அவர் முகத்தில் களைப்புத்தான் இருந்தது. "போன வாரம் வந்து இதைக் கேட்டிருந்தா யோசிக்காம உன்னையே போட்டிருப்பேன்மா. இன்னைக்கு உன் ஆலை ஓடுது. கப்பலை இறங்குற வரைக்கும் நான் பார்த்துக்குவேன். அவனை விட எனக்கு நீ வேணும்."

உறைபெட்டி நடைவழியின் கடைசி அறையில் இருந்தது. நெட்டைக்கு அது போதவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தான்.

"அளவெடுத்துச் செய்ய மாட்டானுங்க" என்றான்.

"ஒரே ஒரு அட்டைடா. அந்த உச்சி எழுத்து தட்டு மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் உத்துப் பார்த்திருக்கக் கூடாதா? என்னமோ கச்சேரிக்கு வந்தவன் மாதிரி பாடுற!"

"நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே பாடினேன்."

"எழுந்திரிச்சதும் உன் மகள் பேரைச் சொல்லணும். இல்லைன்னா அறைவேன்."

"மறந்துட்டா நீ சொல்லிக்கொடு. ராகத்தோட." டாக்டர் மூடியை இறக்க ஆரம்பித்தார். நெட்டை கையைத் தூக்கித் தடுத்தான். "ஏய் புகை. நேரத்துக்குச் சாப்பிடு."

மூடி இறங்கியது. கண்ணாடியில் உள்ளிருந்து வெள்ளை படர்ந்தது. முதலில் அவன் வாய் மறைந்தது, பிறகு மூக்கு. கடைசியாகக் கண்.

அவள் சமையலறை வாசலில் ஷூவைக் கழற்றினாள். நான்கு ஜோடிக்கு மட்டும்தான் இனி அங்கே வேலை. அக்கா கேட்காமலே சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். கேப்டன் எல்லாருக்கும் ஒரே வரியில் அறிவித்திருந்தார், 'ஓட்டுநர் ஓய்வுக்குப் போகிறார்' என்று. காரணம் சொல்லும் வழக்கமில்லை. அது மரியாதையாம்.

"ஏன்டி, கால் சுளுக்குக்கெல்லாமா ஒரு ஆளைப் பெட்டியில போடுவாங்க?" அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தரையில எண்ணெய் கிடந்ததாலதான் போனான்னு ஆகிப்போச்சே. ஒத்துக்கிறேன், ஒரு சொட்டு கிடந்திருக்கும். நாங்கெல்லாம் உன்னைத்தான் போடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். தப்பா நினைக்காதே. நீ கிடந்த கிடப்பு அப்படி."

அவள் கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சூடு நாக்கைப் பொசுக்கியது. இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் புது அட்டையை மாட்டினது யாருக்கா?"

"நான்தான். காலையில டாக்டர் மாட்டச் சொன்னாரு. எனக்கு எழுத்தா படிப்பா, எது மேல எது கீழன்னு யாரு கண்டா? நல்லவேளை, நெட்டை அந்தப் பக்கமா நொண்டிக்கிட்டுப் போனான். வாசல்ல நின்னபடியே, 'அக்கா, அட்டையைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க, அந்தப் பொடி எழுத்து வரி கீழ வரணும்'னு சொல்லிட்டுப் போனான்."